பாடம்: கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்கும் முன் கேட்க வேண்டிய நாலு கேள்வி



போன இதழ்களில் ஆடு வளர்ப்புக் கடன், தையல் மிஷின் கடன் பற்றிப் படித்தோம். இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான பாடம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெமரி, அதாவது ரேம் என்கிற நினைவகம் பற்றி. "இது நமக்கு எதுக்கு? கடைக்காரத் தம்பி பாத்துக்குவாரு" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். ஏன் இந்தப் பாடம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு குழுவில் நடந்தது

திருத்தங்கல் பக்கம் நம் குழு உறுப்பினர் ஒருவர். இருபது வருஷம் வெடி ஆபீசில் வேலை பார்த்தவர். 2018 அக்டோபர் 23-ல் பசுமைப் பட்டாசு மட்டும்தான் தயாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, நம் வட்டாரத்தில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது அடுப்பு எரிய வழியில்லாமல் நின்றவர்களில் அவரும் ஒருவர். "இனி வெடி ஆபீசை மட்டும் நம்பி இருக்கக் கூடாது"ன்னு அன்றைக்கு முடிவெடுத்தார். மகளை டிடிபி படிக்க வைத்தார். பிறகு குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கி, சிவகாசியில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் வைத்தார்கள். அம்மாவும் மகளும் சேர்ந்து அச்சாபீசுக்கு லேபிள், காலண்டர் பக்கம், கல்யாணப் பத்திரிகை செய்து கொடுத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பமும் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். கடன் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

2024 ஆடி மாதம் பிரச்சினை வந்தது. ஆடி 18-க்கு சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அதிலிருந்து மார்கழி வரை அச்சாபீசுகளில் ராத்திரி பகலாக வேலை. அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் நகர மறுத்தது. கோரல்டிராவும் போட்டோஷாப்பும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் அம்பு கூட நின்று நின்று போகும். பழுது பார்க்க வந்தவர் பார்த்துவிட்டு, "அக்கா, இது பழசாயிருச்சு. மொத்தமா மாத்துங்க, 35,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அக்கா குழுவில் இரண்டாவது கடனுக்கு மனு கொடுத்தார். முதல் கடனில் இன்னும் ஒன்பது தவணை பாக்கி. கொடுத்தால் இரண்டு தவணையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். கொடுக்காவிட்டால் காலண்டர் வேலை கைவிட்டுப் போகும். கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். கடைசியில் ஒரு உறுப்பினர், "ஏன் மெதுவா ஓடுதுன்னு யாராவது கேட்டீங்களா?" என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதைவிட, முதலில் வாங்கிய கம்ப்யூட்டரின் கொட்டேஷனில் சரி பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்டதே நாங்கள்தான். "மெமரி 8 ஜிபி" என்று எழுதியிருந்த வரியைப் படித்தோம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தத் தப்பு திரும்ப நடக்கக் கூடாது என்றுதான் இந்தப் பாடம்.

அந்தக் கம்ப்யூட்டர் என்ன ஆனது என்பதைப் பாடத்தின் கடைசியில் சொல்கிறோம்.

மெமரி என்றால் என்ன?

குழுக் கூட்டம் நடக்கும்போது பாயை விரித்து, தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, சேமிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொள்வோம் அல்லவா? கூட்டம் முடிந்ததும் எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். கம்ப்யூட்டரில் டிரங்குப் பெட்டி என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. பாய் என்பது ரேம். வேலை நடக்கும்போது தேவைப்படுவது எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் பரப்பப்படும்.

பாய் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு நோட்டை எடுக்க இன்னொரு நோட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வைத்து எடுத்து, வைத்து எடுத்து நேரம் போய்விடும். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. ரேமில் இடம் இல்லாதபோது டிஸ்கில் ஒரு மூலையை ரேம் மாதிரிப் பயன்படுத்திக்கொள்ளும். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் மவுஸ் அம்பு நின்று நின்று போகிறது.

இன்னொரு விஷயம். மின்சாரம் போனால் பாயில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பெட்டிக்குள் வைத்தது மட்டும் இருக்கும். ரேமில் ஒவ்வொரு செய்தியும் மிகச் சின்ன அளவு மின்னூட்டமாக இருக்கிறது. அது ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடிக்குள் பதினைந்து தடவைக்கு மேல், எல்லாக் குடத்தையும் திரும்ப நிரப்பும். மின்சாரம் நின்றால் நிரப்ப ஆள் இல்லை. ஆகவே வேலை செய்யும்போது அடிக்கடி சேமியுங்கள். நம் ஊர் கரண்ட்டுக்கு யுபிஎஸ் அவசியம் வேண்டும்.

இந்த முறையை அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். 1968-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த 1103 என்ற சில்லில் 1,024 குடம்தான். இன்றைக்கு 8 ஜிபி மெமரியில் சுமார் 6,872 கோடிக் குடம் இருக்கிறது.

முதல் கேள்வி: எந்தத் தலைமுறை?

சேலைக்குத் தகுந்த ரவிக்கை மாதிரி, மதர்போர்டுக்குத் தகுந்த மெமரிதான் போட முடியும். மேசைக் கம்ப்யூட்டரில் இன்று நாம் பார்ப்பது மூன்று வகை.

டிடிஆர் 3: 2007-ல் தர நிர்ணயம் ஆனது. 240 முனை. 1.5 வோல்ட். பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும்.

டிடிஆர் 4: 2012-ல் தர நிர்ணயம் ஆனது. 288 முனை. 1.2 வோல்ட்.

டிடிஆர் 5: 2020-ல் தர நிர்ணயம் ஆனது. இதுவும் 288 முனைதான். 1.1 வோல்ட்.

முனை எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று 4-ஐ 5-ல் போட முடியாது. கீழே இருக்கும் வெட்டு இடம் மாறி இருக்கும். அழுத்திப் பார்த்தால் மதர்போர்டு உடையும். அதேபோல் லேப்டாப் மெமரி ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மேசைக் கம்ப்யூட்டர் மெமரி பதின்மூன்று சென்டிமீட்டருக்கு மேல். ஒன்றை மற்றதில் போட முடியாது.

புதிதாகப் பொருத்துகிறவர்கள் கவனிக்க: ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 போர்டு என்றால் டிடிஆர் 4. ஏஎம்5 என்றால் டிடிஆர் 5 மட்டும். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை புராசசர்களுக்கு இரண்டு வகை போர்டும் உண்டு. போர்டின் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு வேண்டும்?

"எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லது" என்று கடையில் சொல்வார்கள். பத்துப் பேர் குடும்பத்துக்கு வாங்குகிற அண்டாவை நாலு பேர் குடும்பம் வாங்கினால் சோறு கூடுதலாக ருசிக்காது. வேலையைப் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

குழுக் கணக்கு, கடிதம், ஆன்லைன் விண்ணப்பம் மட்டும் என்றால் 8 ஜிபி போதும்.

கோரல்டிரா, போட்டோஷாப், கூடவே இன்டர்நெட் என்றால் 16 ஜிபி வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு 32 ஜிபி இருந்தால் நல்லது.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. அது திறப்பதற்குப் போதும், வேலை செய்வதற்குப் போதாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் 11-ஐ மனதில் வைத்தே கணக்குப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், திரையில் படம் காட்டும் வேலைக்கும் இந்த ரேமிலிருந்துதான் ஒரு பங்கு போகும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் செலவில்லாமல் ஒரு பரிசோதனை செய்யலாம். வழக்கமாகச் செய்யும் வேலை எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ், பிறகு மெமரி என்று போனால் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் மெமரி போதவில்லை. 50, 60 என்று இருந்தும் மெதுவாக ஓடினால் குற்றம் மெமரியில் இல்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதை எஸ்எஸ்டி-யாக மாற்றுங்கள். மெமரிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மூன்றாம் கேள்வி: ஒன்றா, இரண்டா?

16 ஜிபி வேண்டும் என்றால் 16 ஜிபி ஒன்று வாங்கலாம், 8 ஜிபி இரண்டும் வாங்கலாம். அளவு ஒன்றுதான். ஆனால் ஓட்டம் ஒன்றல்ல.

தெருக்குழாயில் ஒரு பைப் இருந்தால் ஒரு குடம் நிரம்பும் நேரத்தில், இரண்டு பைப் இருந்தால் இரண்டு குடம் நிரம்பும். மதர்போர்டிலிருந்து மெமரிக்கும் இரண்டு வழி உண்டு. ஒரே மெமரி போட்டால் ஒரு வழிதான் வேலை செய்யும். டிடிஆர் 4-ல் 3200 வேகம் உள்ள மெமரி ஒரு வழியில் விநாடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு வழியிலும் போட்டால் 51.2 ஜிபி. இதைக் கடையில் "டூயல் சேனல்" என்பார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

இரண்டையும் எந்தச் செருகுவாயில் போடுவது என்பது முக்கியம். நான்கு செருகுவாய் உள்ள பெரும்பாலான போர்டுகளில், புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே வழியில் போய்விடும். போர்டுடன் வந்த புத்தகத்தில் படம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே ஜோடியாக வந்தால் நல்லது. வேறு வேறு வேகம் உள்ளதைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்குத்தான் ஓடும். சில சமயம் சேரவே சேராது. அப்புறம் மாற்றிக் கேட்டுக் கடைக்கு அலைய வேண்டும்.

நான்காம் கேள்வி: வேகம் என்ன, தாமதம் என்ன?

மெமரி அட்டையில் இரண்டு எண் இருக்கும். ஒன்று வேகம்: 2666, 3200, 6000 என்று. இன்னொன்று சிஎல் என்று போட்டு 16, 22, 30 என்று. கடைக்காரர் முதல் எண்ணை மட்டும் சொல்வார். நாம் இரண்டையும் கேட்க வேண்டும்.

கடன் வாங்கும்போது வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதுமா? பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்போம் அல்லவா? அதே மாதிரிதான். வேகம் கூடுதலாக இருந்தால் நல்லது. சிஎல் குறைவாக இருந்தால் நல்லது. சிஎல் என்பது, கேட்டதும் எடுத்துக் கொடுக்க எத்தனை தாளம் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு.

இரண்டையும் ஒப்பிட ஒரு சின்னக் கணக்கு: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுங்கள். வருவது காத்திருக்கும் நேரம், நானோ விநாடியில்.

3200 வேகம், சிஎல் 16: 16 x 2000 ÷ 3200 = 10.

3200 வேகம், சிஎல் 22: 22 x 2000 ÷ 3200 = 13.75.

4800 வேகம், சிஎல் 40: 40 x 2000 ÷ 4800 = 16.67.

6000 வேகம், சிஎல் 30: 30 x 2000 ÷ 6000 = 10.

பாருங்கள், 4800 என்ற பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் அது 3200-ஐவிடக் கூடுதல். அதற்காக அது மட்டம் என்றும் இல்லை. ஒரே தடவையில் அது அள்ளித் தருவது அதிகம். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் சிஎல் குறைந்ததை வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் என்றால் டிடிபி வேலைக்கு அது தேவையில்லை. முதலில் அளவு, அடுத்து ஜோடி, கடைசியில்தான் வேகம். இந்த வரிசையை மறக்க வேண்டாம்.

வாங்கிய வேகம் கிடைக்கிறதா?

இது பலருக்குத் தெரியாத விஷயம். 3200 என்று அட்டையில் போட்டுக் காசு கொடுத்து வாங்கிய மெமரி, பல கம்ப்யூட்டர்களில் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பழுது இல்லை. பத்திரமான குறைந்த வேகத்தில் கம்ப்யூட்டர் தானாகத் தொடங்கும். அட்டையில் உள்ள வேகம் வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

செய்யும் முறை:

1. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தில் "ஸ்பீடு" என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. வேலைகளைச் சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள். திரை வரும்போதே டெலீட் பொத்தானை அல்லது எஃப்2 பொத்தானை விட்டுவிட்டு அழுத்துங்கள். பயாஸ் என்ற பக்கம் வரும்.

3. அதில் எக்ஸ்எம்பி என்று இருக்கும். ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்று இருக்கலாம். அதைத் திறந்து முதல் புரொபைலைத் தேர்ந்தெடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

4. எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். டிடிஆர் 5 என்றால் முதல் தடவை சில நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கலாம். பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள்.

5. மறுபடி டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள்.

விலை குறைந்த சில போர்டுகள் இதை அனுமதிக்காது. அப்படியானால் விட்டுவிடுங்கள். எக்ஸ்எம்பி போட்ட பிறகு கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை என்றால், பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு அதுவே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மின்இணைப்பை முழுதாகப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்கு வரும்.

இதற்கு மேல் வேகம் ஏற்றுவதற்கு வோல்டேஜைக் கூட்டுவது, எண்களை ஒவ்வொன்றாகக் குறைப்பது என்று இளைஞர்கள் செய்வார்கள். விளையாட்டுக்கு வைத்திருப்பவர்கள் செய்யட்டும். நம் கம்ப்யூட்டரில் இருப்பது குழுக் கணக்கும் அச்சாபீஸ் வேலையும். அளவுக்கு மீறி விரட்டினால் மெமரி சத்தமில்லாமல் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிடும். மெதுவான கம்ப்யூட்டரைப் பொறுத்துக்கொள்ளலாம். தப்பாகக் கணக்குச் சொல்கிற கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ள முடியாது.

அதனால் மெமரி புதிதாகப் போட்டாலும், எக்ஸ்எம்பி மாற்றினாலும் ஒரு ராத்திரி சோதனை ஓட விடுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஓட்டலாம். நாலு சுற்று முடிய வேண்டும். பிழை எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் சரியில்லை என்றுதான் அர்த்தம். எக்ஸ்எம்பி-யை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் பிழை வந்தால் மெமரியைக் கடையில் மாற்றிக் கேளுங்கள்.

கையால் தொடும் முன்

வெடி ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மருந்து அறைக்குள் போகும் முன் வாசலில் உள்ள உலோகத் தகட்டில் கை வைக்க வேண்டும், நைலான் சேலை கட்டக் கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்று பாதுகாப்புப் பயிற்சியில் சொல்வது எதற்காக? உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகிவிடக் கூடாது என்பதற்காக. மெமரிக்கும் அதே எதிரிதான். நம் கைக்குச் சுருக்கென்று தெரிய ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். மெமரிச் சில்லைக் கெடுக்கச் சில நூறு வோல்ட் போதும். நமக்குத் தெரியாமலே கெட்டுவிடும்.

ஆகவே பருத்தி உடுத்துங்கள். மின்இணைப்பைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டரின் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தை முதலில் தொடுங்கள். மெமரியை ஓரத்தில் பிடியுங்கள், மஞ்சள் முனைகளைத் தொடாதீர்கள். வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு ஓரத்தையும் சமமாக அழுத்துங்கள். "டக்" என்று பூட்டு விழும். பழைய மெமரியில் தூசி படிந்து கம்ப்யூட்டர் திறக்காமல் போனால், கழற்றி, மஞ்சள் முனையைச் சுத்தமான அழிப்பான் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் பழுது இதுவாகத்தான் இருக்கும்.

கடையில் கவனிக்க

2025-ன் பின்பாதியிலிருந்து மெமரி விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகம் முழுக்கப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் கட்டுகிறார்கள். சில்லு தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் சரக்கை அவர்களுக்குத் திருப்பிவிட்டன. குரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு மெமரி விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த விற்பனையை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் எடுக்கும் முடிவு திருத்தங்கலில் ஒரு வீட்டின் கடன் தவணையைத் தொடுகிறது, பாருங்கள். அதனால் பழைய விலையை மனதில் வைத்து மனு எழுதாதீர்கள். வாங்குகிற வாரத்தில் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள்.

கொட்டேஷனில் தலைமுறை, அளவு, எத்தனை, வேகம், சிஎல், கம்பெனிப் பெயர் ஆறும் எழுதி இருக்க வேண்டும். வெறும் "மெமரி 8 ஜிபி" என்று எழுதினால் ஏற்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். பல கம்பெனிகள் மெமரிக்குப் பத்து வருஷம், சிலர் அதற்கும் மேல் உத்தரவாதம் தருகிறார்கள். பில் இல்லாவிட்டால் அந்த உத்தரவாதம் கைக்கு வராது.

பழைய மெமரி வாங்குவது தப்பில்லை. ஆனால் சோதனை ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

அந்த அக்காவின் கம்ப்யூட்டர் என்ன ஆனது?

கூட்டத்தில் அந்தக் கேள்வி வந்த மறுநாள், டிடிபி படித்த மகளும் நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம். மெமரி 93 சதவீதம் நிரம்பியிருந்தது. 8 ஜிபி ஒன்றே ஒன்று. அதுவும் 3200 வேகம் உள்ளது, 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது. புராசசரில் ஒரு குறையும் இல்லை. அதே கம்பெனி, அதே வேகம், அதே சிஎல் உள்ள 8 ஜிபி ஒன்றை 1,750 ரூபாய்க்கு வாங்கினார்கள். அது 2024-ன் விலை. சரியான செருகுவாயில் இரண்டையும் மாட்டினார்கள். எக்ஸ்எம்பி போட்டார்கள். ராத்திரி முழுக்கச் சோதனை ஓடியது, பிழை சுழியம்.

பெரிய மாற்றத்தைத் தந்தது அளவு கூடியதுதான். வேகத்தைச் சரிசெய்தது அதற்கு மேல் கொஞ்சம். கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடியது என்று சொல்ல மாட்டோம். ஆனால் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் சேர்ந்து திறந்தன. அந்த வருஷக் காலண்டர் வேலை கைவிட்டுப் போகவில்லை. 35,000 ரூபாய்க் கடன் மனுவை அந்த அக்காவே திரும்ப வாங்கிக்கொண்டார். "35,000-க்கு வட்டி கட்டிருப்பேனே சாமி"ன்னு அவர் சொன்னதை மறக்க முடியவில்லை.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழில் வளர்ந்தது. மழை பொய்க்கிற இந்தக் கரிசல் பூமியில் கைத்தொழில் கற்றவர்கள்தான் தலை நிமிர்ந்தார்கள். இன்றைக்கு அந்த லேபிளை நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடத் தெரிந்த மாதிரி, கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் குழுவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் யார்? அவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி எத்தனை சதவீதம் என்று பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும்.

2. ஒரு கடையில் 3600 வேகம், சிஎல் 18. இன்னொரு கடையில் 3200 வேகம், சிஎல் 22. காத்திருக்கும் நேரம் எதற்குக் குறைவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். (விடை: முதலாவது, 10 நானோ விநாடி. இரண்டாவது 13.75.)

3. "பழுது, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று ஒரு உறுப்பினர் கடன் கேட்டால், மனுவை ஏற்பதற்கு முன் என்ன காரணம் என்று யார் போய்ப் பார்ப்பது? தையல் மிஷின், கிரைண்டர், கம்ப்யூட்டர் எதுவாக இருந்தாலும் இதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டமைப்புக்கு வரும் கொட்டேஷன்களில் அந்த ஆறு விவரமும் இல்லாவிட்டால் இனி நாங்களும் கையெழுத்துப் போட மாட்டோம். சந்தேகம் இருந்தால் மாதக் கூட்டத்துக்குக் கொட்டேஷனைக் கையோடு கொண்டு வாருங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.